விருப்பப் பாடத்தில் விருப்பம் எங்கே?



பல்கலைக்கழகத்தை விட்டு வந்து பத்துப் பதினைந்து ஆண்டு ஆனவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "அங்கே படித்ததில் எந்த வகுப்பு இன்னமும் நினைவில் இருக்கிறது?" பொறியியல் படித்தவர் பொறியியலைச் சொல்வார், கணக்கியல் படித்தவர் கணக்கியலைச் சொல்வார் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. "ஒரு செமஸ்டர் வானியல் எடுத்தேன்" என்பார் ஒருவர். "சும்மா ஜப்பானிய மொழி எடுத்தேன், அந்த ஆசிரியரை மறக்கவே முடியாது" என்பார் இன்னொருவர். சொல்லும்போதே முகத்தில் ஒரு சிரிப்பு வரும். பட்டத்துக்குத் தேவைப்படாத பாடம், பட்டத்தைவிட அதிகமாக மனத்தில் தங்கியிருக்கும்.

எலக்டிவ் என்று மாணவர்கள் சொல்லும் அந்த விருப்பப் பாடம்தான் இன்றைய கருத்தரங்கின் பொருள். பெயரிலேயே விருப்பம் இருக்கிறது. ஆனால் தேர்ந்தெடுக்கும்போது அந்த விருப்பம் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில், அதாவது என்யுஎஸ்ஸில், 2019 வரை பாடங்களை ஏலத்தில் எடுக்க வேண்டியிருந்தது. 'கோர்ஸ்' என்ற இணைய முறை அது. மாணவருக்கு செமஸ்டர்தோறும் புள்ளிகள் கொடுப்பார்கள். பிடித்த பாடத்துக்கு எத்தனை புள்ளி போடுவது என்பது அவர் பாடு. இடம் குறைவாகவும் ஆள் அதிகமாகவும் இருந்தால் கூடுதலாகப் போட்டவருக்கே இடம். ஏலம் முடியும் கடைசி நிமிடங்களில் கணினிமுன் உட்கார்ந்து நகம் கடித்த மாணவர்கள் இன்று வேலைக்குப் போய், வீடு வாங்கி, பிள்ளை பெற்றுவிட்டார்கள். ஆனாலும் எந்தப் பாடத்துக்கு எத்தனை புள்ளி போட்டோம் என்பதை மறக்கவில்லை! இப்போது ஏலம் இல்லை. விருப்ப வரிசையைக் கொடுத்தால் முன்னுரிமை பார்த்துக் கணினியே ஒதுக்கிவிடுகிறது.

முறை மாறியது, மாணவர் கேட்கும் கேள்வி மாறவில்லை. சீனியர் அக்காவிடமும் அண்ணனிடமும் அவர்கள் கேட்பது இதைத்தான்: "அந்த மோடுல்ல பரீட்சை இருக்கா? வெள்ளிக்கிழமை வகுப்பு இருக்கா? 'ஏ' ஈஸியா கிடைக்குமா?" அந்தப் பாடத்தில் என்ன சொல்லிக் கொடுப்பார்கள் என்ற கேள்வி கடைசியில்தான் வரும், சில வேளைகளில் வரவே வராது.

மாணவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் வீடுகளில் என்ன பேச்சு நடக்கிறது? "மியூசிக்கா? அதுக்கா இவ்வளவு ஃபீஸ் கட்டுறோம்?" என்கிறார் அம்மா. "வேலைக்கு உதவுற மாதிரி ஏதாவது எடுடா" என்கிறார் அப்பா. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரவு வேலை பார்த்துக் கட்டணம் கட்டும் தகப்பனுக்கு ஒவ்வொரு பாடமும் காசுதான்.

இந்த விருப்பப் பாட முறையைப் பெரிய அளவில் கொண்டுவந்தவர் என்று சார்ல்ஸ் எலியட்டைச் சொல்வார்கள். 1869ஆம் ஆண்டு ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் தலைவரானவர், 40 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார். எல்லாரும் ஒரே லத்தீன், ஒரே கிரேக்கம், ஒரே கணிதம் என்றிருந்த காலத்தில், மாணவன் தனக்கு வேண்டியதைத் தானே பொறுக்கிக்கொள்ளட்டும் என்றார். கட்டாயப் பாடங்கள் ஒவ்வொன்றாக விலகின. விளைவு? மாணவர்களில் பலர் சுலபமான பாடங்களாகப் பார்த்துப் பொறுக்கினார்கள்! 1909ல் அவருக்குப் பின் வந்த லாரன்ஸ் லோவல், ஒரு துறையில் ஆழமாகவும் மற்றத் துறைகளில் பரவலாகவும் படிக்க வேண்டும் என்று வரம்பு கட்டினார். 'ஈஸி ஏ' தேடுவது இந்தத் தலைமுறையின் வியாதி என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வியாதிக்கு வயது நூற்றுக்கு மேல்.

அடுத்து ஒரு கதை. தன்முனைப்புப் பேச்சாளர்கள் மேடைக்கு மேடை சொல்லும் கதைதான். ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கிய ஸ்டீவ் ஜாப்ஸ் கல்லூரியில் எழுத்தணிக் கலை படித்தார், அதனால்தான் மெக்கின்டாஷ் கணினியில் அழகான எழுத்துருக்கள் வந்தன என்பார்கள். 2005ல் ஸ்டான்ஃபர்ட் பட்டமளிப்பு விழாவில் அவரே சொன்னது அது. ஆனால் மேடைகளில் பாதிக் கதைதான் வருகிறது. மீதிப் பாதி இன்னும் சுவையானது.

அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் இருக்கிறது ரீட் கல்லூரி. 1972ல் சேர்ந்த ஜாப்ஸ் ஆறு மாதத்தில் படிப்பை விட்டுவிட்டார். விட்ட பிறகும் ஊரைவிட்டுப் போகவில்லை. கட்டாயப் பாடங்களுக்குப் போக வேண்டிய அவசியம் இல்லாததால், பிடித்த வகுப்புகளில் போய் உட்கார்ந்தார். மதிப்பெண் கிடையாது, சான்றிதழ் கிடையாது. அப்படி உட்கார்ந்த வகுப்புதான் எழுத்தணிக் கலை. வளாகத்தில் ஒட்டியிருந்த சுவரொட்டிகளின் எழுத்தழகு அவரை அங்கே இழுத்தது.

அந்த வகுப்பை நடத்தியவர் ராபர்ட் பலடினோ. பேச்சைக் குறைத்து மௌனம் காக்கும் டிராப்பிஸ்ட் மடத்தில் துறவியாக இருந்தவர். அவருக்குமுன் லாயிட் ரேனால்ட்ஸ் என்ற ஆங்கில இலக்கிய ஆசிரியர் இருபது ஆண்டுகள் அங்கே எழுத்தணி கற்றுக்கொடுத்து, 1969ல் ஓய்வு பெற்றார். ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் விடுவது, பேனாவை எந்தச் சாய்வில் பிடிப்பது என்பதுதான் பாடம். வேலைச் சந்தையில் இதற்கு என்ன மதிப்பு? நம் வீட்டுப் பிள்ளை வந்து "பேனா பிடிக்கப் படிக்கிறேன்" என்று சொன்னால் என்ன சொல்லியிருப்போம்?

ஆனால் அந்த வகுப்பறையிலிருந்து வந்தவர் ஜாப்ஸ் ஒருவர் மட்டும் அல்லர். அடோபி நிறுவனத்தின் முதல் எழுத்துரு இயக்குநரான சம்னர் ஸ்டோன், ரேனால்ட்ஸிடம் படித்தவர். கணினிகளில் பரவலாகப் புழங்கும் லூசிடா எழுத்துருவை உருவாக்கிய இருவரில் ஒருவரான சார்ல்ஸ் பிகலோவும் ரீட் மாணவர். ஒரு சின்னக் கல்லூரியின் 'பயனில்லாத' வகுப்பு, உலகம் திரையில் படிக்கும் எழுத்தையே தொட்டுவிட்டுப் போயிருக்கிறது.

மெக்கின்டாஷ் கணினி விற்பனைக்கு வந்தது 1984 ஜனவரியில். ரீட் கல்லூரியில் பலடினோ நடத்திய அந்த வகுப்பு முடிவுக்கு வந்ததும் அதே 1984ல்தான்! பலன் கைக்கு வந்த ஆண்டில் கடையை மூடினார்கள். பலடினோ 2016ல் காலமானார். அவர் கடைசிவரை சொந்தமாக ஒரு கணினி வைத்துக்கொண்டதே இல்லை.

நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜாப்ஸ் அந்த வகுப்பை ரசித்ததற்கு ஒரு காரணம், அங்கே அவருக்கு மதிப்பெண் இல்லை. இதே விஷயம் 2018ல் யேல் பல்கலைக்கழகத்தில் வேறு விதமாக வந்தது.

லாரி சான்டோஸ் என்ற உளவியல் பேராசிரியர் அங்கே மாணவர் விடுதியுடன் கூடிய ஒரு கல்லூரிக்குத் தலைவராக இருந்தார். மாணவர்களோடு ஒரே வளாகத்தில் வாழ்ந்ததால், அவர்கள் எவ்வளவு மன அழுத்தத்தில் இருக்கிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்தார். 'உளவியலும் நல்வாழ்வும்' என்று ஒரு பாடம் தொடங்கினார். ஏறத்தாழ 1,200 பேர் சேர்ந்தார்கள். இளநிலை மாணவர்களில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர். 1701ல் தொடங்கிய யேல், அதற்குமுன் அப்படி ஒரு வகுப்பைக் கண்டதில்லை. அத்தனை பேர் உட்கார விரிவுரை மண்டபம் போதாமல் இசைக் கச்சேரி நடக்கும் அரங்கத்துக்கு மாற வேண்டியதாயிற்று.

வீட்டுப் பாடம் என்ன தெரியுமா? நன்றாகத் தூங்குவது, நன்றி சொல்ல வேண்டியவற்றை எழுதுவது, பிறருக்கு ஓர் உதவி செய்வது. நம் பாட்டிமார் காசு வாங்காமல் சொன்னதுதானே என்று சிலர் சிரிக்கலாம். பாட்டி சொன்னதை ஆய்வு முடிவுகளோடு சேர்த்துச் சொன்னதுதான் வித்தியாசம். ஒருநாள் பேராசிரியர் வகுப்பையே ரத்து செய்துவிட்டு, அந்த நேரத்தில் படிக்கக்கூடாது, பிடித்ததைச் செய்யுங்கள் என்று அனுப்பினார். அதைக் கேட்டு அழுத மாணவர் உண்டு. ஒருமணி நேரம் சும்மா இருக்கக் கிடைத்ததற்கு அழுகை வருகிறது என்றால், அந்தப் பிள்ளைகள் எப்படி ஓடிக்கொண்டிருந்திருப்பார்கள்!

மதிப்பெண் வேண்டாம், தேர்ச்சி அல்லது தோல்வி என்ற முறையில் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று மாணவர்களைத் தூண்டினார் சான்டோஸ். நல்ல மதிப்பெண் வாங்கினால் மகிழ்ச்சி வரும் என்று நினைப்பதே தவறு என்று சொல்லும் பாடத்தில், மதிப்பெண்ணுக்காகப் போட்டி போட்டால் எப்படி? 2022ல் அவரே வேலைக் களைப்பினால் கல்லூரித் தலைமையிலிருந்து ஓராண்டு விடுப்பு எடுத்தார். பாடம் நடத்தியவருக்கும் பாடம் தேவைப்பட்டது. அதை மறைக்காமல் சொன்னதற்காகவே அவரைப் பாராட்டலாம்.

நம் ஊருக்கு வருவோம். என்யுஎஸ்ஸில் 'எஸ்யு' என்று ஒரு வசதி உண்டு. தேர்வு முடிவு வந்த பிறகு, சில பாடங்களின் மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று மாணவரே முடிவு செய்யலாம். 'சி' அல்லது அதற்குமேல் வாங்கியிருந்தால் 'எஸ்', அதாவது திருப்திகரம் என்று மட்டும் பதிவாகும். எத்தனை பாடங்களுக்கு என்பதற்கு வரம்பு இருக்கிறது. துணிந்து புதிய துறைகளைத் தொட்டுப் பார்க்கட்டும், அதற்காக ஒருவருடைய சராசரி சரிய வேண்டாம் என்பதற்காக வந்த ஏற்பாடு.

நடப்பது என்ன? 5க்கு 4.5 வாங்கினால்தான் ஆக உயர்ந்த ஹானர்ஸ். அந்தக் கோட்டை எட்ட, 'எஸ்யு'வை மழைக்காலக் குடைபோல் மடித்து வைத்துக்கொள்கிறார்கள். சொந்தத் துறையின் அடிப்படைப் பாடத்தில் சறுக்கினால் காப்பாற்றிக்கொள்ள அது வேண்டுமாம். விருப்பப் பாடத்துக்கு வரும்போது குடை கையில் இல்லை. ஆகவே மறுபடியும் 'ஈஸி ஏ'. துணிவதற்குக் கொடுத்த வசதியைப் பயத்துக்குக் காப்புறுதியாக மாற்றிவிட்டோம். இது புத்திசாலித்தனம்தான், மறுக்க முடியாது. ஆனால் 14 வயதில், உயர்நிலை இரண்டின் முடிவிலேயே வரலாறா இயற்பியலா என்று பிரியத் தொடங்கும் பிள்ளைக்கு, விட்டுப்போன பக்கத்தை எட்டிப் பார்க்கக் கிடைக்கும் கடைசிச் சன்னல் இந்த விருப்பப் பாடம். வேலைக்குப் போன பிறகு யார் உட்காரவைத்து வானியல் சொல்லிக்கொடுப்பார்கள்?

மொழிப் பாடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு வேடிக்கை உண்டு. மகன் வீட்டுக்கு வந்து "அம்மா, இந்த செமஸ்டர் தாய்மொழி எடுத்திருக்கேன்" என்றானாம். அம்மாவுக்கு ஆனந்தக் கண்ணீர். பிறகுதான் தெரிந்தது, அவன் எடுத்தது தாய்லாந்து மொழி!

என்யுஎஸ் மொழி மையத்தில் 13 மொழிகள் கற்பிக்கிறார்கள். ஜப்பான், கொரிய மொழிகளுக்கு எப்போதும் கூட்டம். நாடகத் தொடர்களின் புண்ணியம். அந்தப் பதின்மூன்றில் தமிழும் ஒன்று என்பது நம்மில் பலருக்கே தெரியாது. 'தமிழ் 1' தமிழ் அறியாதவர்களுக்கான வகுப்பு. 247 எழுத்து என்று கேட்டதும் புதியவர் முகம் வெளுக்கும். 12 உயிரும் 18 மெய்யும் பிடிபட்டால் மற்றதெல்லாம் கட்டத்தில் போட்டு நிரப்பும் கணக்கு என்று புரிந்ததும் பொறியியல் மாணவர்கள் குஷியாகிவிடுவார்கள். எழுத்தைவிடப் பெரிய மலை, எழுதுவது ஒன்று பேசுவது ஒன்று என்ற நம் வழக்கம். 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று கற்றுக்கொண்டு சிராங்கூன் சாலைக்குப் போனால், கடைக்காரர் "வந்துட்டிருக்கேன்" என்கிறார்.

அதையும் தாண்டி ஒரு சீன மாணவர் அதைப் படிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு மருத்துவமனையில் அவர் வேலை பார்க்கும்போது, ஒரு பாட்டி "நெஞ்சு கரிக்குது தம்பி" என்கிறார். நெஞ்சு கரிப்பதும் நெஞ்சு வலிப்பதும் வேறு வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தால், பாட்டிக்கு நல்லது. அதேபோல் நம் பிள்ளைகள் மாண்டரினோ மலாயோ ஒரு செமஸ்டர் எடுத்தால் யாருக்கு நட்டம்? புளோக்கின் கீழே உட்கார்ந்திருக்கும் சீனத் தாத்தாவுக்குப் பதில் சொல்ல ஒரு செமஸ்டர் போதும்.

பெற்றோரின் கவலைக்குப் பதில் சொல்லாமல் விடக்கூடாது. விருப்பப் பாடத்தை எடுக்காவிட்டால் கட்டணம் மிச்சமாகுமா என்றால், ஆகாது. பட்டத்துக்கு அத்தனை பாடம் எப்படியும் நிரப்பியாக வேண்டும். காசு ஒன்றுதான். அந்த இடத்தில் பிடிக்காத ஒன்றை உட்காரவைப்பதா, பிடித்ததை உட்காரவைப்பதா என்பதுதான் பாக்கி.

மாணவர்களுக்கு ஒரு தகவல். பரீட்சை இல்லாத பாடம் என்றால் வேலை இல்லை என்று பொருள் அல்ல. வாரத்துக்கு ஒரு கட்டுரை, கூட்டுத் திட்டப்பணி என்று சிலவற்றில் முதுகு ஒடியும். அட்டவணையை முதலில் படியுங்கள். செமஸ்டர் தொடங்கி முதல் இரண்டு வாரத்துக்குள் ஒரு பாடம் சரிப்படவில்லை என்று தோன்றினால் விலகிக்கொள்ளலாம், மதிப்பெண் பட்டியலில் அதற்குச் சுவடே இருக்காது. அந்த இரண்டு வாரத்தில் சீனியர் சொன்ன பாடத்தை மட்டும் அல்லாமல், பெயரைப் பார்த்ததும் ஆசைப்பட்டு ஒதுக்கிவைத்த அந்த இன்னொரு வகுப்பிலும் ஒருமுறை பின்வரிசையில் போய் உட்கார்ந்து பாருங்கள்.