போலீசாரின் இஷ்டமும் சட்டத்தின் கட்டளையும்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

சட்டம் ஏட்டில் இருக்கிறது. நம் லயத்து வாசலுக்கு வருவதோ ஏடு அல்ல, ஒரு மனிதர்.

இருட்டோடு மரம் வெட்டப் போகும் தோழரின் மோட்டார் சைக்கிளில் பின்விளக்கு எரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். நிறுத்துகிற போலீஸ்காரர், "இன்றே பல்பை மாற்று" என்று எச்சரித்து அனுப்பலாம், சம்மனும் எழுதலாம். இரண்டும் அவர் விவேகத்துக்கு விட்ட காரியம். இந்த அதிகாரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு சிறு பிழைக்கும் சம்மன் என்றால் முதலில் நசுங்குவது நாம்தான். ஆனால் டை கட்டியவருக்கு எச்சரிக்கை, பால்வாளி தூக்குபவருக்குச் சம்மன் என்றால் அதற்குப் பெயர் விவேகம் அல்ல, பாரபட்சம்.

ஆகவே, போலீசாரின் இஷ்டத்துக்கு விட்டது எது, இஷ்டம் இல்லாவிட்டாலும் அவர்கள் செய்தே தீர வேண்டியது எது என்று நாம் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது, புகார். குற்றம் நடந்ததென்று ஒருவர் வாயால் சொன்னாலும், ஸ்டேஷனில் அதை எழுதி அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107-ஆவது பிரிவு இதைக் கட்டளையாகவே சொல்கிறது. சாதாரண அடிதடியானால், பிராசிக்யூட்டரின் உத்தரவின்றி எங்களால் புலன் விசாரிக்க முடியாது என்று போலீசார் சொல்லலாம், அது சரிதான். கூலிப் பாக்கிக்கு லேபர் ஆபீசுக்குப் போகச் சொன்னாலும் சரிதான். ஆனால் குற்றப் புகாரை எழுதாமலே திருப்பி அனுப்ப இடமில்லை. வாரண்டின்றிக் கைது செய்யத்தக்க குற்றமானால், புகார் கொடுத்து 4 வாரம் கழித்து, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கலாம். கேட்ட 2 வாரத்துக்குள் பதில் வராவிட்டால் பிராசிக்யூட்டரிடம் முறையிடலாம்.

இரண்டாவது, கைது. அரசியல் சட்டத்தின் 5-ஆவது விதிப்படி, கைதானவருக்குக் காரணத்தைக் கூடிய விரைவில் சொல்ல வேண்டும். அவர் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும். சாதாரண வழக்கில், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்த வேண்டும். அதற்குமேல் காவலில் வைப்பதா என்பது மாஜிஸ்திரேட்டின் முடிவு. 2007 முதல், விசாரிக்கத் தொடங்குமுன் உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்லும் உரிமையும் உண்டு. சில காரணங்களுக்காக அதை மறுக்கலாம். ஆனால் டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாத அதிகாரி அனுமதித்து, காரணத்தை எழுதி வைக்க வேண்டும். கவுண்டரில் நிற்கும் ஒருவர் தம் இஷ்டத்துக்கு முடிவு செய்கிற காரியம் அல்ல இது.

கிராணிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். இரவில் ஒரு தாய் மகனைத் தேடி ஸ்டேஷனுக்குப் போனால், மலாய் படிக்கத் தெரிந்த நாம் ஒருவர் உடன் போவோம். எழுதிய புகாரைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடச் சொல்வோம். தேதி, நேரம், ரிப்போர்ட் எண், அதிகாரியின் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொள்வோம். முறைகேடு நடந்தால், 2023 ஜூலை 1 முதல் செயல்படும் சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையத்துக்கு எழுத இந்தக் குறிப்பே உதவும்.

போலீசாரும் சம்பளத்துக்கு உழைப்பவர்களே. அவர்களிடம் மரியாதையாகப் பேசுவோம். எச்சரிக்கையோடு விட்டால் நன்றி சொல்வோம். சட்டம் நமக்குத் தந்ததை மட்டும் தயவாகக் கெஞ்சாமல், உரிமையாகக் கேட்போம்.