எடை குறைப்பு அறுவை சிகிச்சை: முன்னும் பின்னும் எழும் வினாக்கள்

(நமது ஜமாஅத்தின் மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேஷ் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மருத்துவ மேடையில் இமாமுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் அது விளங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஷஅபான் மாத இறுதியில் சகோதரர் ஒருவர் நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், வயிற்றில் சின்ன ஆபரேஷன் ஒன்று செய்திருக்கிறேன். நோன்பு வைக்கலாமா?" என்று கேட்டார். என்ன ஆபரேஷன், எப்போது செய்தது என்று நாம் விசாரிக்கவில்லை. "உடம்பு இடம் கொடுத்தால் வையுங்கள் பாய்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். ஆறாம் நோன்பு இரவு, தராவீஹ் தொழுகையின் ஸஃப்பிலேயே அவர் மயங்கி விழுந்தார். எடை குறைப்பதற்காக இரைப்பையை வெட்டிச் சுருக்கி ஆறே வாரங்கள் ஆகியிருந்தன என்பது மருத்துவமனையில்தான் தெரிய வந்தது. உடலில் நீர் வற்றியிருந்தது. பித்தப்பைக் கல் எடுத்ததாகவே சொந்தபந்தங்களிடம் சொல்லி வைத்திருந்தார். நோன்பை விட்டால் ஏன் என்று கேட்பார்களே என்ற வெட்கம் அவருக்கு.

அல்ஹம்துலில்லாஹ், அவர் நலம் பெற்றார். அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறோம். அவர் வெட்கத்தால் பாதி வினாவைக் கேட்டார். நாமோ அந்தப் பாதி வினாவுக்கு முழு விடை சொன்னோம். தவறு நம்முடையது. ஆகவே இந்த வினாக்களை இன்று வெளிப்படையாகவே பேசிவிடுவோம்.

முதல் வினா: இது என்ன சிகிச்சை? இதில் இரண்டு முறைகள் பரவலாகச் செய்யப்படுகின்றன. ஒன்று 'ஸ்லீவ்' முறை. இரைப்பையில் ஏறத்தாழ 75 முதல் 80 விழுக்காட்டை வெட்டி அகற்றி, குழாய் போன்ற பகுதியை மட்டும் விட்டுவைப்பார்கள். அகற்றியதைத் திரும்பப் பொருத்த இயலாது. மற்றொன்று 'பைபாஸ்' முறை. இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து, அதை நேரே சிறுகுடலோடு இணைப்பார்கள். 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் டாக்டர் எட்வர்ட் மேசன் தொடங்கி வைத்த முறையின் வழியில் வந்தது இது. இன்று இரண்டுமே சிறு துளைகள் வழியாகச் செய்யப்படுகின்றன.

இரண்டாம் வினா: யாருக்கு இது தேவை? கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணே மருத்துவர்களின் முதல் அளவுகோல். 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 95 கிலோ இருந்தால் அவருக்கு அந்த எண் 35. 1991ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டுதலில் 40, அல்லது கடும் உடன்நோய்கள் இருந்தால் 35 என்று வரம்பு இருந்தது. 2022இல் பன்னாட்டு அறுவை மருத்துவர் சங்கங்கள் அதைக் குறைத்தன. ஆசிய மக்களுக்கு 27.5க்கு மேல் இருந்தாலே இச்சிகிச்சையைப் பற்றிப் பேசலாம் என்றன. ஆயினும் நம் நாட்டு மருத்துவக் காப்பீட்டு விதிகளில் 40, அல்லது கடும் உடன்நோயுடன் 35 என்ற வரம்பே 2019ஆம் ஆண்டின் வழிகாட்டுதலில் இடம்பெற்றது. எனவே நாள் குறிப்பதற்கு முன் பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

மார்க்கத்தில் இதற்கு அனுமதி உண்டா என்றும் கேட்கிறார்கள். நீரிழிவு, மூட்டு வலி, உறக்கத்தில் மூச்சுத் தடை போன்ற நோய்களைப் போக்க, நம்பகமான மருத்துவர் தேவை என்று சொன்னால் அது மருத்துவம். அதற்கு அனுமதி உண்டு. அழகு ஒன்றையே நாடி நல்ல உறுப்பை வெட்டுவது வேறு. உணவுக் கட்டுப்பாடு, நடை, 2025 முதல் நம் நாட்டிலும் பரவலாகப் பேசப்படும் வாராந்திர ஊசி மருந்துகள் ஆகியவற்றைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்ட பின்பே முடிவுக்கு வாருங்கள்.

மூன்றாம் வினா: உயிருக்கு ஆபத்து உண்டா? அனுபவமிக்க இடங்களில் இறப்பு ஆயிரத்தில் ஒருவர் என்னும் அளவில்தான் உள்ளது. ஆனால் தையல் இடத்தில் கசிவும் காலில் இரத்தக் கட்டியும் ஏற்படக்கூடும். கடும் வயிற்று வலி, காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு, மூச்சுத் திணறல், கெண்டைக்கால் வீக்கம், நிற்காத வாந்தி ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். ஓதிப் பார்க்கலாம், தவறில்லை. அதை ஆம்புலன்ஸில் போகும்போதே ஓதிக்கொள்ளலாம்.

நான்காம் வினா: அதன் பின் எப்படி உண்பது? முதலில் நீராகாரம், பின்பு மசித்த உணவு, அதன் பின்பே திட உணவு. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதமும், ஒன்றரை லிட்டர் நீரும் வேண்டும். உண்ணும்போதே நீர் பருகலாகாது; உண்டபின் அரை மணி நேரம் கழியட்டும். முடி உதிர்கிறதே என்று சகோதரிகள் அஞ்சுகிறார்கள். மூன்றாம் மாதம் தொட்டு உதிர்வது வழக்கம். சத்துக் குறைவு இல்லையெனில் பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும். கருத்தரிப்பை 12 முதல் 18 மாதங்கள் வரை தள்ளிவைக்குமாறு மருத்துவர்கள் கூறுகின்றனர். அதைக் கணவனும் மனைவியும் முன்னரே கலந்து பேசிக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் வினா: எடைதான் குறைந்துவிட்டதே, மாத்திரை எதற்கு? பெரும் தவறு நேர்வது இவ்விடத்தில்தான். பி12, இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி ஆகியவை வாழ்நாள் முழுவதும் தேவை. இரும்புச்சத்து மாத்திரைக்கும் கால்சியம் மாத்திரைக்கும் இடையே இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். கேப்ஸ்யூலின் உறை ஜெலட்டினா என்று ஐயம் எழுந்தால் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். உறையில்லாத மாத்திரையோ, தாவர உறை கொண்டதோ தருமாறு கேளுங்கள். கடையில் தாமாக வலி மாத்திரை வாங்கி விழுங்குவதையும் விட்டுவிடுங்கள். அது குடற்புண்ணை உண்டாக்கும், பைபாஸ் செய்தவர்களுக்குக் குறிப்பாக.

இறுதியாக நோன்பு. அந்தச் சகோதரரின் வினாவுக்கு இன்று முழு விடை சொல்வோம். சுருங்கிய இரைப்பை ஒரே மூச்சில் ஒரு குவளை நீரை ஏற்காது. இஃப்தார் முதல் சஹர் வரையுள்ள சில மணி நேரத்திற்குள் ஒன்றரை லிட்டர் நீரையும், புரதத்தையும், இடைவெளிவிட்டு மாத்திரைகளையும் முடிக்க முதல் மாதங்களில் இயலாது. சர்பத்தை மளமளவென்று குடித்தால், குறிப்பாக பைபாஸ் செய்தவருக்கு, வியர்வையும் படபடப்பும் தலைச்சுற்றலும் வரும். எனவே மருத்துவர் அனுமதிக்கும் வரை நோன்பை விடுவதே மார்க்கம் தந்த சலுகை. அவர் குணமடையக் கூடியவர். ஆகவே ஃபித்யா கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணலாகாது. உடல் தேறிய பின் களா செய்ய வேண்டும். ருகூவும் ஸுஜூதும் வலி தந்தால் உட்கார்ந்து, சைகையால் தொழலாம்.

சகோதரர்களே! ஒரு கடமை நம் அனைவருக்கும் உண்டு. பருமனான மனிதரைப் பட்டப்பெயர் சூட்டி அழைத்துச் சிரிக்கிறோம். அவர் மெலிந்து வந்தால் "சர்க்கரை முற்றிவிட்டதா?" என்கிறோம். வலீமா விருந்தில் அவர் கையை எடுத்த பின்பும் "இன்னும் ஒரு கை பாய்" என்று தட்டில் அள்ளி வைக்கிறோம். அவர் உண்மையை மறைப்பது இந்த நாவுகளுக்கு அஞ்சித்தான். ரமலானில் ஒருவர் நீர் அருந்தக் கண்டால் காரணம் கேளாதீர்கள். அது அவருக்கும் அவருடைய ரப்புக்கும் இடைப்பட்டது.

நம்மிடம் வருபவர்கள் முழு வினாவோடு வாருங்கள். அறையின் கதவைச் சாத்திவிட்டுக் கேட்போம். கேட்டது வெளியே போகாது. மருத்துவர் சொன்னதையும் நாம் விசாரித்த பின்பே விடை சொல்வோம், இன்ஷா அல்லாஹ். நோயுற்ற நம் அனைவருக்கும் வல்ல நாயன் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! ஆமீன்.