கடல் கடந்த உழைப்பும் மருத்துவக் காப்பீடும்

பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை விட்டு வந்தவர்கள் நாம். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், அண்ணன் இங்கே ஆலையில் வேலை பார்ப்பார். தம்பி துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பார். இருவருமே வெளியூர்வாசிகள்தாம். ஆயினும், நோய் என்று ஒன்று வந்துவிட்டால் இருவர் நிலையும் ஒன்றன்று.

அண்ணனிடம் இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்த திட்டம் அது. 2019 ஜூலையில் குறிக்கப்பட்ட வீதப்படி, சம்பளம் நூறு ரூபாய்க்குத் தொழிலாளி 75 காசும் முதலாளி 3 ரூபாய் 25 காசும் செலுத்துகின்றனர். சம்பளம் சிறியதாயின் சந்தாவும் சிறியது. மனைவி மக்களுக்கும் அந்த அட்டையின் பேரில் மருத்துவம் கிடைக்கிறது. ஜெர்மனி போன்ற நாடுகளில், அயல்நாட்டிலிருந்து வந்த தொழிலாளிக்கும் ஏறக்குறைய இதே முறைதான்: சம்பளத்தில் இத்தனை பங்கு, பாதி அவர் தருவது, பாதி முதலாளி தருவது.

தம்பி சென்ற நாடுகளில் ஏற்பாடு வேறு. அங்கே தலைக்கு இவ்வளவு என்று ஆண்டுக்கொரு தொகை கட்டிக் காப்பீடு வாங்கப்படுகிறது. அத்தொகை பெரிதன்று. அதைத் தருவது யார், தந்த பின் அது எதுவரை செல்லும், எங்கே நின்றுபோகும் என்பவைதாம் பெரிய கேள்விகள்.

ஐக்கிய அரபு எமிரேட்ஸ் நாட்டை எடுத்துக்கொள்வோம். அபுதாபியில் 2005ஆம் ஆண்டுச் சட்டமும், துபாயில் 2013ஆம் ஆண்டுச் சட்டமும் மருத்துவக் காப்பீட்டைக் கட்டாயமாக்கின. ஷார்ஜா, அஜ்மான், உம் அல் குவைன், ராஸ் அல் கைமா, புஜைரா ஆகிய ஐந்து எமிரேட்டுகளில் உள்ள தொழிலாளர் 2025 ஜனவரி 1ஆம் நாள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று அவர்களுக்கென்று வந்த அடிப்படைக் காப்பீட்டின் விலை ஆண்டுக்கு 320 திர்ஹம். நம் பணத்தில் ஏழெட்டாயிரம் ரூபாய். இதைச் செலுத்த வேண்டியவர் வேலை அளிப்பவர். தொழிலாளியின் சம்பளத்தில் இதைப் பிடிப்பது சட்டத்திற்கு விரோதம். ஆகையால், ஊரிலிருக்கும் ஏஜெண்டு ‘விசாச் செலவு’ என்று நீட்டும் கணக்கில் ‘இன்ஷூரன்ஸ்’ என்று ஒரு வரி இருக்குமானால், அந்த வரியைச் சுட்டிக்காட்டிக் கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு.

சந்தாவை முதலாளி கட்டிவிட்டார்; தொழிலாளிக்குச் செலவே இல்லையா? இருக்கிறது. ‘கோ-பேமெண்ட்’ என்று ஒன்று உண்டு. அரசாங்கக் காகிதங்களை மொழிபெயர்க்கும் தொழிலில் இருக்கும் எனக்கு இச்சொல்லைக் கண்டால் சிறிது தயக்கம்தான். ‘இணைச் செலுத்தம்’ என்று எழுதிவிடலாம். படிக்கிறவருக்கு ஒன்றும் விளங்காது. ‘நோயாளியின் பங்கு’ என்றால் விளங்கும். அந்த 320 திர்ஹம் காப்பீட்டில், மருத்துவமனையில் படுத்துச் சிகிச்சை பெற்றால் நூற்றுக்கு 20 நோயாளியின் பங்கு. ஆனால் ஒரு முறைக்கு 500 திர்ஹத்திற்கு மேலும், ஓராண்டில் 1000 திர்ஹத்திற்கு மேலும் அவர் தர வேண்டியதில்லை. மருத்துவரைப் பார்த்து வருவதற்கு நூற்றுக்கு 25. உச்சவரம்பு 100 திர்ஹம். மருந்துக்கு நூற்றுக்கு 30.

மாதம் 1000 திர்ஹம் வாங்கும் ஒரு கொத்தனாரை எண்ணிப் பாருங்கள். குடல்வால் அறுவைக்கு 10,000 திர்ஹம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அவர் தருவது 500 மட்டுமே. அரை மாதச் சம்பளம் போய்விடுகிறது. ஆனாலும் ஊரில் நிலத்தை அடகு வைக்கும்படி நேரவில்லை. இது சிறிய நன்மையன்று. அதே கொத்தனாருக்குச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் இருந்து, மாதம் 100 திர்ஹத்திற்கு மருந்து வாங்க வேண்டுமென்றால், அவர் பங்கு மாதம் 30 திர்ஹம், ஆண்டுக்கு 360. முதலாளி கட்டிய முழுச் சந்தாவைக் காட்டிலும் அதிகம்! அறுவைக்கு அஞ்ச வேண்டாத மனிதர், மாத்திரைக்கு அஞ்சி ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்கத் தொடங்குகிறார். காப்பீட்டின் உண்மையான செலவு இங்கேதான் மறைந்திருக்கிறது என்பது என் எண்ணம். அடுத்த மாதம் ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியவர், தன் உடம்பில்தான் முதலில் சிக்கனம் பிடிப்பார்.

சிங்கப்பூரில் கணக்கு வேறுவிதம். அங்கே உரிமச் சீட்டில் வேலை செய்யும் அயல்நாட்டுத் தொழிலாளிக்கு, மருத்துவமனைச் செலவுக்கென்று முதலாளி எடுக்க வேண்டிய காப்பீடு ஆண்டுக்கு 15,000 வெள்ளியாக இருந்தது. 2023 ஜூலை 1 முதல் அது 60,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. 15,000க்கு மேற்பட்ட தொகையில் நாலில் மூன்று பங்கு காப்பீட்டு நிறுவனத்தையும், ஒரு பங்கு முதலாளியையும் சேரும். 45,000 வெள்ளி பில் வந்தால் நிறுவனம் 37,500 வெள்ளியும் முதலாளி 7,500 வெள்ளியும் தருவர். பொதுவாகத் தொழிலாளியின் மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பே. காப்பீட்டு வரம்பையும் கடந்த செலவில் தொழிலாளியிடம் பங்கு கேட்பதாயின், அது வேலை ஒப்பந்தத்தில் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும்; மாதச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேலும், ஆறு மாதத்திற்கு மேலும் பிடிக்கலாகாது. ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திடும் வழக்கம் நம்மவரிடம் மிகுதி. படிக்கத் தெரிந்த அண்ணன்மார் அதை ஒருமுறை வாங்கிப் பார்ப்பது நல்லது.

2025 ஜூலை முதல் அங்கே 50 வயதுக்கு உட்பட்டவருக்கு ஒரு சந்தா, மேற்பட்டவருக்கு வேறு சந்தா என்று பிரித்துவிட்டனர். கணக்கியல்படி இது நியாயமே. ஆனால் இருபது ஆண்டு உழைத்த மேஸ்திரிக்கு வயது ஏற ஏற, அவரை வைத்துக்கொள்ளும் செலவும் ஏறுகிறது என்பதை முதலாளியும் அறிவார்.

இனி நம் நாட்டிலேயே எடுக்க வேண்டிய காப்பீட்டுக்கு வருவோம். அதன் பெயர் பிரவாசி பாரதீய பீமா யோஜனா. ‘பீம்’ என்றால் பாரசீகத்தில் அச்சம். அதிலிருந்து பிறந்தது ‘பீமா’. அரபு நாட்டில் காப்பீட்டைக் குறிக்கும் சொல்லோ பாதுகாப்பு என்னும் பொருளிலிருந்து பிறந்தது. அது நிற்க. 2003இல் தொடங்கி 2017இல் திருத்தப்பட்ட இத்திட்டத்தின் சந்தா, இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாயும் மூன்று ஆண்டுக்கு 375 ரூபாயும், வரி தனியாகவும் நிர்ணயிக்கப்பட்டது. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய். நோய்க்கும் காயத்திற்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை. ஒரு லட்சம் ரூபாய் என்பது சுமார் நாலாயிரம் திர்ஹம். வளைகுடா மருத்துவமனையில் அது சில நாட்களுக்குத்தான் வரும்.

இதில் கவனிக்க வேண்டியவை உள்ளன. பத்து லட்சம் என்பது விபத்துக்கு உரியது. பகலெல்லாம் வெயிலில் உழைத்து, இரவில் உறக்கத்திலேயே மாரடைப்பால் மாண்டவரின் மனைவிக்கு அத்தொகை வாராது. மேலும், குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட் உடையவருக்கே இக்காப்பீடு கட்டாயம். பத்தாம் வகுப்புத் தேறிய வெல்டருக்கு அந்த அனுமதி தேவையில்லை. ஆகவே கட்டாயமும் இல்லை. சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலை தேடிக்கொள்பவரும் இந்த வாயில் வழியே செல்வதில்லை. 375 ரூபாய் மிச்சம் என்று எண்ணிப் போனவர் வீட்டிலிருந்து, பிற்பாடு உடலைக் கொண்டுவரக் கடன் கேட்டு வருகிறார்கள்.

எல்லாவற்றினும் கடினமானது, வேலை முடியும் நாள். விசா முடிந்தால் அந்நாட்டுக் காப்பீடும் முடிகிறது. போகும்போது மருத்துவச் சோதனையில் தேறித்தான் போனார். வரும்போது சிறுநீரகக் கோளாற்றோடு வருகிறார். ஐம்பது வயதில் இங்கே புதிதாக ஒரு பாலிஸி கேட்டால், முன்பே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு என்பார்கள். அக்காலம் முன்பு நான்கு ஆண்டு வரை இருந்தது. 2024இல் அதன் உச்சவரம்பை மூன்று ஆண்டாகக் குறைத்தனர். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுச் சந்தாவின் மீதிருந்த ஜி.எஸ்.டி. வரியும் 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கியிருக்கிறது.

அந்த மூன்று ஆண்டைத் தம்பி அங்கே வேலையிலிருக்கும்போதே கழித்துவிட முடியும். அயல்நாட்டில் வசிக்கும் இந்தியர் இங்கே பாலிஸி எடுக்கத் தடையில்லை. அவர் ஊர் திரும்ப எண்ணும் ஆண்டைக் கேட்டறிந்து, அதற்கு மூன்று ஆண்டுக்கு முன்பாகவே அவர் பெயரில் ஒன்று எடுத்துவிட வேண்டும். சர்க்கரையோ அழுத்தமோ இருந்தால் படிவத்தில் ஒளிக்காமல் எழுதவும், இடையில் சந்தா தவறாமல் கட்டவும், இங்கிருக்கும் அண்ணன் பார்த்துக்கொள்ளலாம்.