தூங்கினதுக்கு அபராதம் போட்டோம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



இன்னைக்கு கடன், வட்டி, தவணை எதுவும் பேசப் போறதில்லை. தூக்கத்தைப் பற்றிப் பேசப் போறோம். சிரிக்காதீங்க, விஷயம் இருக்கு.

போன மாதம் ஒரு குழுவின் தீர்மான நோட்டில் "கூட்டத்தில் தூங்கியதற்கு அபராதம் ரூ.10" என்று ஓர் உறுப்பினர் பெயருக்கு நேரே எழுதினார்கள். நாங்களும் அங்கேதான் இருந்தோம். கையெழுத்தும் போட்டோம். அப்புறம்தான் விசாரிச்சோம். அந்த அக்காவுக்கு நூல் மில்லில் நைட் ஷிப்ட். காலையில் வேனை விட்டு இறங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, சோறாக்கி, ஆட்டுக்குத் தழை ஒடிச்சுப் போட்டுவிட்டு, படுக்காமலே பகல் 11 மணிக் கூட்டத்துக்கு வந்திருக்காங்க. அவங்களுக்குத்தான் நாம அபராதம் போட்டோம்.

அது சோம்பேறித்தனம் இல்லை. உடம்புக்குள்ளே என்ன நடக்குதுன்னு தெரிஞ்சால் அப்படிச் சொல்ல மாட்டோம்.

பொழுது சாய்ந்தால் புளிய இலை மூடிக்குது, கோழி அடையுது. அதுபோல மனுஷ உடம்புக்கும் ஒரு கடிகாரம் இருக்கு. இதை நம்ம பக்கத்து மதுரையிலேயே ஆராய்ச்சி செய்திருக்காங்க. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே.சந்திரசேகரன் குழுவினர், பகலா இரவா என்று தெரியாத தனி அறையில், தாமாக முன்வந்தவர்களைத் தங்க வைத்துப் பார்த்தார்கள். அப்படித் தங்கியவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. அவருடைய தூக்கத்தையும் மாதவிலக்கையும் பற்றிய ஆய்வு 1991-இல் வெளிவந்தது. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகவில்லை, தனித்தனியாக நடந்தன என்று அதில் கண்டார்கள். வெளி உலகம் தெரியாவிட்டாலும் உடம்பு தானே நேரம் பார்க்கும். ஆனால் அந்தக் கடிகாரம் நாள்தோறும் சூரிய வெளிச்சத்தைப் பார்த்துத்தான் தன்னைச் சரி செய்துகொள்ளும்.

மூளையின் நடுவிலே நெல்மணி அளவில் ஒரு சுரப்பி இருக்கு. பீனியல் சுரப்பி என்பார்கள். தமிழில் கூம்புச் சுரப்பி. கண்ணில் விழும் வெளிச்சத்தின் செய்தி மூளையில் இருக்கிற கடிகாரத்துக்குப் போய், அங்கிருந்து கழுத்து வழியாகச் சுற்றிக்கொண்டு இந்தச் சுரப்பிக்கு வருது. இருட்டினதும் இது மெலடோனின் என்ற சுரப்பை ரத்தத்தில் விடுது. "ராத்திரி வந்தாச்சு" என்று உடம்பு முழுக்கத் தண்டோரா போடுவது அதுதான். 1958-இல் அமெரிக்காவில் ஆரன் லெர்னர் என்ற மருத்துவர் மாட்டின் சுரப்பியிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்.

மெலடோனின் செய்வதற்கு ஒரு புரதம் வேண்டும். புரதம் என்றால் பருப்பும் முட்டையும் மட்டும் இல்லை. உடம்புக்குள்ளே வேலை பார்க்கிற ஆட்களும் புரதங்கள்தான். இந்தப் புரதத்தைச் சுருக்கமாக ஏஏநாட் என்கிறார்கள். பெயர் மறந்தாலும் பரவாயில்லை, அது நடக்கிற விதத்தை மறக்காதீங்க. எலிக்கு ஒவ்வொரு ராத்திரியும் அதைச் செய்யச் சொல்லிப் புதுசாக உத்தரவு போகுது. மனுஷருக்கோ உத்தரவு பகலிலும் இருக்கு, ராத்திரியிலும் இருக்கு. பகலில் அந்தப் புரதம் வர வர அழிஞ்சிடுது. இருட்டில் அழியாமல் தங்குது. களத்தில் நெல்லைக் கொட்டினால் பகலில் கோழி கொத்திக்கிட்டே இருக்கும், அடைஞ்ச பிறகுதான் நெல் தங்கும். அது மாதிரி. ராத்திரியில் பளிச்சென்று வெளிச்சம் பட்டால் கோழி மறுபடி இறங்கிடும். புரதம் அழியும், மெலடோனின் குறையும். பலமான வெளிச்சம் இப்படிச் செய்யும் என்று 1980-இல் கண்டார்கள். வீட்டு விளக்கு வெளிச்சமும் ஓரளவு குறைக்கும் என்று பிறகு தெரிந்தது.

இப்ப அந்த அக்காவை நினைச்சுப் பாருங்க. ராத்திரி முழுக்க டியூப் லைட் வெளிச்சம். காலையில் படுத்தாலும் உள்ளே இருக்கிற கடிகாரம் "பகல், எழுந்திரு" என்றே சொல்லும். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறினால் அந்தக் கடிகாரம் எதைத்தான் பிடிக்கும்?

பெண்கள் ராத்திரியில் ஆலை வேலை பார்க்கக் கூடாது என்ற பழைய சட்டத் தடையை 2000-ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. பாதுகாப்பு வசதிகளையும் செய்யச் சொன்னது. சம்பாதிக்கும் உரிமை நமக்கு வேண்டும், மறுபேச்சில்லை. ஆனால் ஆம்பளை நைட் ஷிப்ட் முடிச்சு வந்தால் "அப்பா தூங்குறார், சத்தம் போடாதே" என்கிறோம். பொம்பளை வந்தால் விளக்குமாறு காத்திருக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இலும் மறுபடி 2019-இலும், இரவு ஷிப்ட் வேலை புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும் என்ற வகையில் சேர்த்திருக்கு. பயமுறுத்தச் சொல்லவில்லை, எல்லோருக்கும் வரும் என்றும் இல்லை. மார்பகப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீங்க என்பதற்காகச் சொல்றோம்.

குழுவில் இதையெல்லாம் பேசுங்க:

1. நைட் ஷிப்ட் போகிறவர்கள், கீரமங்கலம் பக்கம் போல விடியும் முன்னே பூப் பறிக்கப் போகிறவர்கள் இருந்தால், அவங்க தூங்கி எழுந்த பிறகு கூட்டம் வையுங்க.

2. பகலில் தூங்குகிறவருக்கு வீட்டில் ஒரு மூலையை இருட்டாக்கிக் கொடுங்க. ஜன்னலில் பழைய கெட்டிச் சேலை போதும். அந்த நேரத்துச் சமையலும் ஆடும் மற்றவர் பொறுப்பு.

3. ராத்திரியில் தூங்கப் போகும் முன் டி.வி., செல்போனை அணையுங்க. காலையில் கொஞ்ச நேரம் வெயில் படட்டும்.

4. மெலடோனின் மாத்திரை என்று யாராவது சொன்னால் நீங்களா வாங்கிப் போடாதீங்க. மருத்துவரைக் கேளுங்க.

அறிவொளிக் காலத்தில் ராத்திரி விளக்கு வைத்துப் படித்த மாவட்டம் நம்ம புதுக்கோட்டை. விளக்கு ஏற்றத் தெரிந்த நமக்கு, எப்போது அணைக்கணும் என்பதும் தெரியணும்.

கடைசியாக ஒன்று. தீர்மான நோட்டில் எழுதினதை அடிக்க முடியாது. அதனால் அந்தக் குழுவில் புதுத் தீர்மானம் போட்டிருக்கோம்: அபராதம் ரூ.10 திருப்பிக் கொடுக்கப்பட்டது. அதிலும் நாங்கள் கையெழுத்துப் போட்டிருக்கோம்.