உட்கார வைப்பதும் கைவிடுவதும்



அமெரிக்காவில் செப்டம்பர் பிறந்துவிட்டால் சனிக்கிழமைகள் எல்லாம் கல்லூரிக் கால்பந்துக்குத்தான். நம் ஊரில் காலால் உதைத்து ஆடும் பந்தாட்டம் அல்ல இது. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், கூட்டாளிக்கு எறிந்தும், எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்ப்பதற்கு டச்டவுன் என்று பெயர். ஆடுபவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். பார்க்க வரும் கூட்டமோ, சில அரங்கங்களில் ஒரு லட்சத்தைத் தாண்டும். அந்தக் கூட்டத்துக்கு வாராவாரம் ஒரு வழக்கு இருக்கும். சரியாக ஆடாத பையனை இந்தப் பயிற்சியாளர் இன்னும் ஏன் வைத்துக்கொண்டிருக்கிறார் என்பதுதான் அது.

தடுமாறும் ஆட்டக்காரரைப் பயிற்சியாளர் விட்டுக்கொடுக்காமல் ஆட வைக்க வேண்டுமா, மாற்றிவிட வேண்டுமா? இன்றைய பேச்சு இதைப் பற்றித்தான்.

இந்தச் சிக்கல் பெரும்பாலும் ஒரே ஓர் இடத்தைச் சுற்றியே எழும். குவார்ட்டர்பேக் என்று அந்த இடத்துக்குப் பெயர். பந்து அநேகமாக ஒவ்வொரு முறையும் அவர் கைக்குத்தான் வரும். அதை எறிவதா, கொடுப்பதா, தானே ஓடுவதா என்பதை இரண்டு மூன்று விநாடிக்குள் அவர் முடிவு செய்ய வேண்டும். கிரிக்கெட்டில் ஒரு பந்துவீச்சாளர் அடி வாங்கினால் சில ஓவர் ஓய்வு கொடுத்து, மறுமுனையிலிருந்து திரும்ப அழைக்கலாம். இங்கே அந்த வசதி அநேகமாக இல்லை. ஒருவர் களத்தில் இருந்தால் மற்றவர் பெஞ்சில்தான்.

இதற்கு மிகப் பெயர்பெற்ற உதாரணம் 2018 ஜனவரி 8 அன்று அட்லாண்டாவில் நடந்தது. தேசிய இறுதி ஆட்டம். அலபாமாவும் ஜார்ஜியாவும் மோதின. இடைவேளையின்போது ஜார்ஜியா 13, அலபாமா பூஜ்யம். அலபாமாவின் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் அந்த முதல் பாதியில் எட்டு முறை எறிந்து, மூன்று முறைதான் பந்தைச் சேர்த்திருந்தார். ஆனால் அந்த இரவுக்கு முன்பு இரண்டு ஆண்டுகளில் அவர் தொடங்கிய ஆட்டங்களில் அணி தோற்றது இரண்டே முறை. அப்படிப்பட்டவரை இடைவேளையில் உட்கார வைத்தார் பயிற்சியாளர் நிக் சேபன். அவருக்குப் பதில் டூவா டாகவைலோவா என்ற முதலாண்டு மாணவரை இறக்கினார். டூவா மூன்று டச்டவுன் எறிந்தார். கூடுதல் நேரத்தில் 41 கெஜம் தள்ளி ஓடிய டிவான்டா ஸ்மித்திடம் அவர் எறிந்த கடைசிப் பந்தில் ஆட்டம் முடிந்தது. 26-க்கு 23. கோப்பை அலபாமாவுக்கு.

கதையை இங்கேயே நிறுத்தினால் கிடைக்கும் பாடம் சுலபமானது: தடுமாறுபவரைத் தயங்காமல் மாற்று. ஆனால் கதை நிற்கவில்லை. அடுத்த பருவத்தில் டூவாதான் முதல் குவார்ட்டர்பேக். ஹர்ட்ஸ் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் போகவில்லை. மாற்று ஆட்டக்காரராக இருந்துகொண்டே பயிற்சி செய்தார், பட்டப்படிப்பையும் முடித்தார். 2018 டிசம்பர் 1 அன்று அதே அரங்கம், அதே ஜார்ஜியா, இந்த முறை தென்கிழக்கு மாநிலங்களுக்கான சாம்பியன் ஆட்டம். கடைசிக் கால் பகுதியில் டூவாவுக்குக் கணுக்காலில் அடிபட்டது. அலபாமா ஏழு புள்ளி பின்தங்கியிருந்தது. ஹர்ட்ஸ் இறங்கினார். ஒரு டச்டவுன் எறிந்து சமன் செய்தார். ஒரு நிமிடம் மீதி இருக்கையில் தானே பந்தோடு ஓடி இன்னொன்று எடுத்தார். 35-க்கு 28 என்று அலபாமா வென்றது.

இந்த இரண்டு இரவுகளையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் நம் கேள்வியில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடப்பது தெரிகிறது. இன்றைக்கு யாரை ஆட வைப்பது என்பது ஒன்று. ஆடாதவரை என்ன செய்வது என்பது மற்றொன்று. சேபன் ஹர்ட்ஸை உட்கார வைத்தார், ஆனால் கைவிடவில்லை. பதினொரு மாதம் ஆட்டக்காரராகவே வைத்திருந்து பயிற்சி கொடுத்ததால்தான், அழைத்த நேரத்தில் எழுந்து வர ஹர்ட்ஸால் முடிந்தது. ரசிகர்களும் பத்திரிகைகளும் முதல் கேள்வியைப் பற்றியே சண்டை போடுகிறார்கள். கல்லூரியைப் பொறுத்தவரை இரண்டாவதுதான் கனமானது என்பது என் எண்ணம்.

முதல் கேள்வியும் லேசானதல்ல. ஒருவர் தடுமாறுகிறார் என்றால், தடுமாற்றம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஜோ பர்ரோவின் கதை இதற்குச் சரியான சான்று. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டு இருந்தும் அவருக்கு முதலிடம் கிடைக்கவில்லை. பட்டம் வாங்கிக்கொண்டு 2018-இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே முதல் பருவம் சுமார்தான். எறிந்தவற்றில் நூற்றுக்கு ஐம்பத்தெட்டுதான் சேர்ந்தன. சொந்த மைதானத்தில் அலபாமாவிடம் ஒரு புள்ளிகூட எடுக்காமல், 29-க்குப் பூஜ்யம் என்று தோற்றார்கள்.

பயிற்சியாளர் எட் ஓஷரான் ஆளை மாற்றவில்லை, ஆட்டமுறையை மாற்றினார். நியூ ஆர்லியன்ஸ் தொழில்முறை அணியிலிருந்து ஜோ பிரேடி என்ற இளம் பயிற்சியாளரை வரவழைத்தார். களத்தை அகலமாக விரித்து, பந்தைச் சட்டென்று எறியும் முறை வந்தது. 2019-இல் அதே பர்ரோ 60 டச்டவுன் எறிந்தார். நூற்றுக்கு எழுபத்தாறு எறிதல்கள் சேர்ந்தன. அணி பதினைந்து ஆட்டமும் வென்று தேசியக் கோப்பையை எடுத்தது. ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையும் பர்ரோவுக்கே கிடைத்தது. 2018 கணக்கை மட்டும் பார்த்து அவரை ஓரங்கட்டியிருந்தால், குறை அவரிடம் இல்லை என்பதே யாருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் காவல் நிற்கும் ஐந்து பேர் சரிந்தால் அவரால் நின்று எறிய முடியாது. எறிந்த பந்தைப் பிடிப்பவர் தவறவிட்டால் கணக்கில் பழி எறிந்தவருக்கு. வெளியே சொல்லாத காயமும் இருக்கலாம். அரங்கத்தின் மேல்வரிசையில் அமர்ந்திருப்பவருக்கு இவை தெரியாது. வாரம் முழுவதும் பயிற்சி மைதானத்தில் கூடவே நிற்பவருக்குத் தெரியும். ஆகவே ஆட்டக்காரரை மாற்றும் முடிவு, பயிற்சியில் பார்த்ததை வைத்து எடுக்கப்பட வேண்டும். சேபன் இடைவேளையில் டூவாவை இறக்கியது சூதாட்டம் போலத் தோன்றலாம். டூவா எப்படி எறிவார் என்பதை ஒரு பருவம் முழுவதும் பார்த்திருந்தவர் அவர்.

கூட்டம் கேட்பது எப்போதும் தவறு என்றும் சொல்லிவிட முடியாது. 2021 செப்டம்பரில் ஓக்லஹோமா பல்கலைக்கழக மைதானத்தில் சொந்த ரசிகர்களே குவார்ட்டர்பேக் ஸ்பென்சர் ராட்லருக்கு எதிராகக் குரல் எழுப்பினார்கள். முதலாண்டு மாணவர் கேலப் வில்லியம்ஸைக் கொண்டுவா என்று முழக்கமிட்டார்கள். பயிற்சியாளர் லிங்கன் ரைலி அன்று அசையவில்லை. இரண்டு வாரம் கழித்து டெக்சஸுடன் ஆடும்போது, அணி 21 புள்ளி பின்தங்கிய நிலையில் ஆட்டம் போய்க்கொண்டிருக்க, வில்லியம்ஸை இறக்கினார். அணி மீண்டு வந்து 55-க்கு 48 என்று வென்றது. வில்லியம்ஸ் அடுத்த ஆண்டு வேறொரு பல்கலைக்கழகத்துக்காக ஆடி ஹைஸ்மன் கோப்பை வாங்கினார். ஆக, கூட்டம் சொன்ன ஆள் சரிதான். ஆனாலும் இருபது வயதுப் பையன் ஒருவன் தன் சொந்த மைதானத்திலேயே அந்த முழக்கத்தைக் கேட்டுக்கொண்டு ஆட வேண்டியிருந்தது. ராட்லர் தென் கரோலினா பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2022 நவம்பரில், தரவரிசையில் ஐந்தாம் இடத்திலிருந்த டென்னசி அணிக்கு எதிராக ஆறு டச்டவுன் எறிந்தார். ஓரிடத்தில் இடம் போனதால் திறமை போய்விடுவதில்லை.

இன்னொரு வகை ஆட்டக்காரர் உண்டு. பந்தை உதைப்பதற்கென்றே இருப்பவர். ஆட்டத்தில் சில விநாடிகள்தான் அவருக்கு வேலை. ஆனால் தவறினால் பழி முழுவதும் அவர் தலையில். 2013 நவம்பர் 30 அன்று ஆபர்ன் அணிக்கு எதிரான ஆட்டத்தில், அலபாமாவின் கேட் ஃபாஸ்டர் மூன்று முயற்சிகளில் தோற்றார். ஒரு விநாடி மீதி, புள்ளிகள் 28-க்கு 28. சேபன் அனுபவமில்லாத ஆடம் கிரிஃபித்தை அழைத்து 57 கெஜத்திலிருந்து உதைக்கச் சொன்னார். பந்து கோல் கம்பங்களை எட்டவில்லை. ஆபர்னின் கிறிஸ் டேவிஸ் அதைப் பிடித்து, களத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடி வென்றுவிட்டார். அன்றிரவு ஃபாஸ்டருக்குச் சமூக ஊடகங்களில் மிரட்டல்கள் குவிந்தன. முன்னாள் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கைப்பட ஆறுதல் கடிதம் எழுதி அனுப்பினார்.

கிரிஃபித்தைச் சேபன் தூக்கி எறியவில்லை. அடுத்த ஆண்டுகளிலும் அவரே உதைத்தார். 2016 ஜனவரியில் கிளெம்சனுக்கு எதிரான தேசிய இறுதி ஆட்டம். கடைசிக் கால் பகுதியில் புள்ளிகள் சமம். எதிரணி எதிர்பாராத நேரத்தில் கிரிஃபித் பந்தைக் குட்டையாக உதைத்தார். தன் அணியே அதைத் திரும்பக் கைப்பற்றியது. 45-க்கு 40 என்று அலபாமா வென்ற அந்த ஆட்டத்தின் திருப்புமுனை அதுதான். ஹர்ட்ஸை இடைவேளையில் மாற்றிய பயிற்சியாளர்தான் கிரிஃபித்தை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தவரும். சூத்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு எல்லோரையும் அளக்க முடியாது என்பதற்கு அவரே சாட்சி.

பொறுமைக்கும் ஒரு விலை உண்டு. ஓர் அணியில் சுமார் நூறு பேர் இருப்பார்கள். களத்தில் ஒரு நேரத்தில் பதினொருவர். தடுமாறுபவருக்கு இன்னொரு வாரம் கொடுக்கும்போது, அதே அளவு உழைத்துக் காத்திருக்கும் இன்னொருவரின் வாரத்தை எடுத்துத்தான் கொடுக்கிறோம். கல்லூரி ஆட்டக்காரருக்குப் பருவங்களும் எண்ணி வைத்தவை: ஐந்து ஆண்டுக்குள் நான்கு பருவம் என்பதே நெடுங்கால விதி. ஒருவர்மேல் காட்டும் பாசம் மற்றவர்களுக்குச் செய்யும் அநியாயமாக மாறிவிடலாம்.

ஆனால் யார் எதை இழக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை நீக்கியது. ஒப்பந்தப்படி அவருக்குச் சேர வேண்டியிருந்த தொகை ஏழரைக் கோடி டாலருக்கும் அதிகம். தோற்ற பயிற்சியாளருக்கு இப்படி ஒரு மெத்தை இருக்கிறது. ஆட்டக்காரருக்கோ, 2012 வரை படிப்பு உதவித்தொகையே பொதுவாக ஓராண்டுக்குத்தான் உறுதி. சரியாக ஆடவில்லை என்பதற்காக அதைப் பறிக்கக்கூடாது என்று ஐந்து பெரிய கல்லூரிக் கூட்டமைப்புகள் விதி செய்தது 2015-இல்தான். கைவிடாதிருத்தலின் முதல் பொருள் இதுதான்: ஆட்டத்தில் இடம் போகலாம், படிப்பில் இடம் போகக்கூடாது.

இப்போது நிலைமை இன்னும் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் பட்டம் முடிக்காமல் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறும் கால்பந்து ஆட்டக்காரர், பொதுவாக ஓராண்டு ஆடாமல் இருக்க வேண்டும். 2021 முதல் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. அதே ஆண்டு ஜூலை முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் வாங்கவும் வழி பிறந்தது. இதனால் பயிற்சியாளர் பொறுமை காட்டினால் பெஞ்சில் இருப்பவர் கிளம்புகிறார். காட்டாவிட்டால் உட்கார வைக்கப்பட்டவர் கிளம்புகிறார். பதினொரு மாதம் காத்திருந்த ஹர்ட்ஸ் போன்றவர்கள் இனி அரிது. ஹர்ட்ஸும் 2019-இல் ஓக்லஹோமாவுக்குப் போனவர்தான். அங்கே ஹைஸ்மன் தேர்வில் இரண்டாம் இடம் பெற்றார். 2025 பிப்ரவரியில் பிலடெல்பியா தொழில்முறை அணிக்காக, தொழில்முறைக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை வென்று, அந்த ஆட்டத்தின் சிறந்த வீரராகவும் ஆனார்.

கிளம்பும் உரிமை ஆட்டக்காரர்களுக்கு நல்லதே. அதைக் குறை சொல்லும் பயிற்சியாளர்களில் சிலர், தாங்களே ஒப்பந்தத்தின் நடுவில் அதிகச் சம்பளத்துக்கு வேறு இடம் போகிறவர்கள். ஆனால் இந்த வேகத்தில் ஒரு பழைய கடமை காணாமல் போகக்கூடும். இடம் இழந்தவரிடம் நேரில் உட்கார்ந்து, ஏன் மாற்றினேன், எதைத் திருத்தினால் திரும்ப வரலாம் என்று சொல்வது. அவருக்குப் பயிற்சியில் நேரம் ஒதுக்குவது. இங்கே இனி வழியில்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்வது. இதற்குப் பணம் வேண்டாம். ஒரு மாலை நேரமும் கொஞ்சம் நேர்மையும் போதும்.

ஆகவே என் முடிவு இது. தடுமாறுபவரை ஆட வைத்தே தீர வேண்டும் என்ற கடமை பயிற்சியாளருக்கு இல்லை. குறை அவரிடம்தானா என்று விசாரித்துவிட்டு மாற்றலாம், ஆட்டத்தின் நடுவிலேயே மாற்றலாம். ஆனால் அவருக்குக் கற்றுக்கொடுப்பதை ஒருநாளும் நிறுத்தக்கூடாது. கல்லூரியின் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு ஆடும்வரை அவர் மாணவர், இவர் ஆசிரியர். ஒரு பயிற்சியாளரை மதிப்பிட வேண்டுமென்றால் அவர் வென்ற கோப்பைகளோடு, அவர் உட்கார வைத்தவர்களின் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். அவர்களில் எத்தனை பேர் பிறகு நன்றாக ஆடினார்கள், எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள் என்று பாருங்கள்.