சிக்கனமும் மிதமும்
(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் கள்ளக்குறிச்சியில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பொருள் விஷயத்திலும் அன்றாடப் பழக்கங்களிலும் மிதமாயிருத்தலைக் குறித்துப் பேசும்படி சங்கத்தார் எனக்குக் கட்டளையிட்டனர். இது புதிய விஷயமன்று. ஆற்றிலே கொட்டினாலும் அளந்து கொட்டு என்று நம் பாட்டிமார் சொல்லாத வீடில்லை. கேட்டும் கைக்கொள்ளாததே நமது குறை. ஆகையால் உபதேசமாகச் சொல்லாமல், நம் ஊர்ப்பக்கத்து அனுபவத்தையே எடுத்துச் சொல்ல விரும்புகின்றேன்.

முதலில் என் வீட்டுக் கதை. எங்களுக்கு மூன்று காணி நிலம் இருந்தது. என் தமக்கையின் விவாகத்தை என் தகப்பனார் ஊர் மெச்ச நடத்தினார். மூன்று நாள் விருந்து. இரண்டு செட்டு மேளம். வாண வேடிக்கை வேறு. கரும்புப் பணம் வந்ததும் தீர்த்துவிடலாம் என்று கடன் வாங்கினார். கரும்புப் பணம் வட்டிக்கே சரியாயிற்று. நான்காம் வருஷம் இரண்டு காணி கைமாறிற்று. விருந்துண்டவர்கள் மறுவாரமே அதை மறந்தனர்; என் தகப்பனாரோ சாகும்வரை மறக்கவில்லை. விற்றுப்போன அந்நிலத்தின் வரப்பின்மீது நடந்தே நான் பள்ளிக்கூடம் சென்றேன்.

இது ஒரு வீட்டின் கதை மாத்திரமன்று. கரும்பு பத்துப் பன்னிரண்டு மாதத்துப் பயிர். மரவள்ளியும் ஏறக்குறைய அவ்வாறே. வயிறு தினந்தோறும் கேட்கிறது. பணமோ வருஷத்திற்கு ஒருமுறை வருகிறது. மொத்தமாக வந்த பணம் பெரியதாகத் தோன்றுகிறது. அன்றைய தினம் நாம் செல்வரைப்போல் செலவு செய்து, மற்றை மாதங்களில் கடனாளியாகி நிற்கிறோம். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி அற்பமாகத் தோன்றலாம். வருஷத்தில் அது 36 ரூபாய். எந்தப் பயிர் அத்தனை லாபம் கொடுக்கிறது?

கடனினின்று அடிமைத்தனம் வெகு தூரத்திலில்லை. நம் மேற்கே தெரியும் கல்வராயன் மலையில், 1976ஆம் வருஷத்தில் அரசு அம்மலையைத் தன் வசம் எடுத்துக்கொள்ளும் வரை, ஜாகீர்தார்களின் ஆதிக்கம் நடந்தது. மலையாளிப் பழங்குடி மக்கள் அவர்களுக்குக் கூலியின்றி உழைத்தனர். கடனுக்காக மனிதனைக் கட்டிவைக்கும் கொத்தடிமை முறையை ஒழித்த சட்டமும் அதே 1976இல் உண்டாயிற்று. மலைமக்களைப் பலவந்தம் கட்டிற்று. நாமோ ஊராரின் மெச்சுதலுக்காக நம்மை நாமே கட்டிக்கொள்கிறோம்.

இனிப் பழக்கத்தைப் பற்றி. 2024ஆம் வருஷம் ஜூன் மாதம் இவ்வூர்க் கருணாபுரத்தில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். மெதனால் என்னும் நஞ்சு கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பலர் அன்றாடம் உழைத்துப் பிழைத்தவர். அந்நஞ்சு உடலினுள் வேறொரு கடும் அமிலமாக மாறிக் கண்ணின் நரம்பைக் கெடுத்து உயிரையும் வாங்குகிறது. இறந்தவரைக் குறைகூற நான் வரவில்லை. நஞ்சு விற்றவன் பாவம் அவனையே சாரும். ஆனால் சிறிது சிறிதாக வளர்ந்த பழக்கமே ஒருவனை அந்த வாசற்படிக்கு இழுத்துச் செல்கிறது என்பதை நாம் மறக்கலாகாது. குடியில் மிதம் என்பதொன்றில்லை. அதை அறவே விடுதலே மிதம்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்பர் சிலர். 1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. அப்பொழுது தென்னார்க்காட்டைச் சேர்ந்திருந்த நம் பக்கத்தில் விலக்கில்லை. ஒரே மலையின் மேற்குச் சரிவில் ஒரு நியாயம். கிழக்குச் சரிவில் வேறொரு நியாயம்! 1948இல் மாகாணம் முழுவதும் விலக்கு வந்தது. 1971இல் அது தளர்ந்தது. பின்னரும் வந்தது, போயிற்று. சட்டம் வரும், போகும். மனிதன் தனக்குத்தானே இட்டுக்கொண்ட விலக்கு ஒன்றே நிலைக்கும்.

சிறு செலவுகளையும் கவனியுங்கள். புகையிலைக்கும் பீடிக்கும் கடைத்தேநீருக்கும் தினம் 30 ரூபாய் என்றால், வருஷத்தில் 10,950 ரூபாய். குடிக்குத் தினம் 100 ரூபாய் என்றால் 36,500 ரூபாய். ஒரு பெண்குழந்தையின் படிப்பு அதில் அடங்காதா?

மிதம் என்பது லோபமன்று. பிள்ளையின் மருந்துக்கும் புஸ்தகத்திற்கும் கையை மூடுகிறவன் மிதவாதியல்லன். அவனும் அளவு தப்பியவனே. வள்ளுவர் வரவு செலவின் அளவை வலியறிதல் என்ற அதிகாரத்தில் வைத்துப் பேசினார். தன் வரவை அறிதல் தன் வலியை அறிதலாம். அதனை மீறிச் செலவிடுகிறவன் தன் வலிக்கு மீறிய போருக்குப் புறப்பட்டவனாவான்.

செய்யவேண்டுவது யாதெனில்: பயிர்ப்பணம் வந்த அன்றே அடுத்த சாகுபடிக்கு உரியதை முதலில் ஒதுக்கி, மீதியைப் பன்னிரண்டு பங்காக்குங்கள். வீட்டில் ஒரு கணக்குப் புஸ்தகம் வையுங்கள். அதை எழுதும் பொறுப்பு வீட்டுப் பெண்களிடம் இருக்கட்டும். கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904இல் ஏற்பட்டது. அவ்வருஷமே செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த திரூரில் நம் நாட்டுக் குடியானவர்களுக்கு ஒரு சங்கம் தோன்றிற்று. வட்டிக்கடையை நாடுமுன் உங்களூர்ச் சங்கத்தை நாடுங்கள். அங்கும் தேவைக்குமேல் வாங்காதீர்கள்.

முடிவாக ஒரு விண்ணப்பம். நம் சமூகத்தில் வசதியுள்ளோர் முதலில் தம் வீட்டு விவாகத்தை ஒரே நாளில், ஒரே விருந்தோடு நடத்திக் காட்டவேண்டும். பெரிய வீட்டார் சுருக்கினால் சிறிய வீட்டார்க்கு அது வெட்கமாகத் தோன்றாது. என் தகப்பனார்க்கு அப்படி வழிகாட்டுவார் ஒருவர் இருந்திருப்பின், அவ்வரப்பு இன்றும் எங்களுடையதாயிருக்கும். அடுத்த கூட்டத்தில் இதனைத் தீர்மானமாக நிறைவேற்றும்படி சபையோரை வேண்டி, என் வார்த்தைகளை முடித்துக்கொள்கிறேன்.