இல்லத்து வன்முறையும் இளையோர் வாழ்வும்



வெள்ளிவிழா மேடையில் பட்டம் பெற்றோரின் எண்ணிக்கையைச் சொல்லி மகிழ்வது இயல்பு. ஆயினும், பாடநூலை விரித்து வைத்துக்கொண்டு அடுத்த அறையில் தாய் அடிபடும் ஓசையைக் கேட்டிருக்கும் பிள்ளையைப் பற்றியும் நாம் பேசியாக வேண்டும். அப்பிள்ளை தேர்வில் தவறினால் உலகம் அதனை மந்தம் என்கிறது, காரணத்தைக் கேட்பதில்லை.

சிறுபான்மை இனத்து இளையோர்க்கு இத்துன்பம் எவ்வாறு இரட்டிப்பாகிறது என்பதைப் பிரிட்டன் நாட்டு நிகழ்ச்சிகள் காட்டுகின்றன. அங்குக் குடியேறிய ஆசிய, ஆப்பிரிக்க மக்களின் பிள்ளைகளை இரண்டு அச்சங்கள் வாட்டுகின்றன. வெளியே சொன்னால் நிறவெறியர் இனத்தையே பழிப்பர் என்பது ஒன்று. குடும்ப மானம் போயிற்றென்று உற்றார் ஒதுக்குவர் என்பது மற்றொன்று. தாயின் தங்கும் உரிமை தந்தையைச் சார்ந்திருப்பின், நாடு கடத்தப்படுவோமோ என்னும் கலக்கமும் சேர்ந்துகொள்ளும்.

உதவ வேண்டியோரும் பிழை செய்வதுண்டு. ஐவரி கோஸ்ட் நாட்டில் பிறந்த விக்டோரியா கிளிம்பி என்னும் எட்டு வயதுச் சிறுமி, தன்னை அழைத்து வந்த உறவினராலும் அவருடைய துணைவராலும் வதைக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் இலண்டனில் உயிர் நீத்தாள். அவள் விறைத்து நின்றதை அச்சமென்று கொள்ளாமல், அவர்தம் பண்பாட்டு மரியாதை என்று கருதியதும் நிகழ்ந்தது. லேமிங் பிரபுவின் விசாரணை அறிக்கை 2003இல் வெளிவந்தது. ஒரு பண்பாட்டைப் பழிப்பது தவறு. பண்பாட்டின் பெயரால் காயத்தைக் காணாதிருப்பதும் தவறே.

1979இல் இலண்டன் சவுத்தால் பகுதியில் ஆசிய, ஆப்பிரிக்க-கரீபியப் பெண்கள் கூடி 'சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ்' அமைப்பைத் தோற்றுவித்தனர். வீட்டுக் கொடுமையை வெளியே பேசுவது இனத்தைக் காட்டிக்கொடுப்பதாகும் என்னும் வாதத்துக்கு அவர்கள் பணியவில்லை. நிறவெறியையும் இல்லத்து வன்முறையையும் ஒருசேர எதிர்த்தனர்.

சட்டமும் படிப்படியாக மாறிற்று. பிறர் துன்புறுத்தப்படுவதைக் காண்பதாலும் கேட்பதாலும் குழந்தைக்கு நேரும் கேடும் கேடே என 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றது. கட்டாயத் திருமணத்தினின்று காக்கும் நீதிமன்ற ஆணைக்கு 2007ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. 2021ஆம் ஆண்டுச் சட்டமோ, இல்லத்து வன்முறையைக் காணும் பிள்ளையும் பாதிக்கப்பட்டவரே என்று அறிவித்தது.

நமக்கும் இதில் பாடம் உண்டு. வெளியே சாதி இழிவால் புண்பட்ட சமுதாயம், உள்ளிருக்கும் புண்ணை மறைக்க முயல்வது வியப்பன்று. ஆனால் மறைத்த புண் ஆறுவதில்லை. மனைவி கணவனுக்கு அடிமையாகாமல், சமமான தோழியாக நிற்க வேண்டுமென்று 1942இல் நாகபுரி மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் பெண்களிடம் எடுத்துரைத்தார். அவர் வழியில் நடப்போர் இல்லத்துக்குள்ளும் சமத்துவத்தைக் கொண்டுசெல்ல வேண்டும்.

இளைஞர்களே, துன்புற்ற நண்பன் வாய் திறந்தால் இடைமறியாமல் கேளுங்கள். அவன் மீண்டும் பேசாமலே போகக்கூடும். 'எவரிடமும் சொல்லேன்' என்று வாக்களிக்காதீர்கள். நம்பத்தக்க ஆசிரியரிடம் அவனுடன் செல்லுங்கள். அடித்தவரையும் அடிபட்டவரையும் ஒன்றாய் அமர்த்திச் சமரசம் பேசாதீர்கள். வீடு திரும்பியபின் அதற்கும் சேர்த்து அடி விழும். காவல் நிலையத்திலோ மருத்துவமனையிலோ பிள்ளையைத் தாய்க்கு மொழிபெயர்ப்பாளராக நிறுத்தாதீர்கள்; தாய்பட்ட துன்பத்தைத் தன் வாயால் சொல்லும் சுமை அதற்கு வேண்டா. நம் நாட்டில் குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்னும் தொலைபேசி எண்கள் உள்ளன. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின்படி, பாதுகாப்பு ஆணையும், குடியிருக்கும் உரிமையும், பிள்ளைகளின் தற்காலிகப் பொறுப்பும் கோரலாம். இவற்றைத் தெருதோறும் எடுத்துச் சொல்லுங்கள்.

பள்ளிக்கு வழி காட்டியதோடு நம் கடமை முடியவில்லை. பள்ளி விட்டு அச்சமின்றித் திரும்பும் வீடும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்க்க வேண்டும். அதற்கு நாமெல்லாம் துணை நிற்போம்.